கொழுந்தும் கோணமும்: தானா ராத்தா தேயிலை மலைப் புகைப்படங்களில் கலைநேர்மையும் வணிகமும்

முன்னுரை

பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள தானா ராத்தா, கேமரன் மலையின் நிர்வாக மையமாகும். மலாய் மொழியில் சமதளம் என்று பொருள்படும் இவ்வூரைச் சூழ்ந்துள்ள தேயிலைச் சரிவுகள், மலேசியாவில் மிகுதியாகப் புகைப்படம் எடுக்கப்படும் நிலப்பகுதிகளுள் அடங்கும். அஞ்சலட்டை, நாட்காட்டி, தேயிலைப் பெட்டி, சுற்றுலாக் கையேடு, மணமக்கள் படத்தொகுப்பு எனப் பல வடிவங்களில் இம்மலை விற்கப்படுகின்றது. விற்பனைக்கென்று எடுக்கப்படும் ஒரு படம் கலைநேர்மை உடையதாக இருக்க இயலுமா? இயலுமெனில் அந்நேர்மையைத் திறனாய்வாளர் எவ்வாறு இனங்காண்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைப் படத்தின் பொது இலக்கணம்

கேமரன் மலைப் படங்கள் பலவற்றை ஒருங்கே வைத்து நோக்கின், அவற்றிற்கெனப் பொது இலக்கணம் ஒன்று உருவாகியிருப்பதை உணரலாம். காலைப் பனிமூட்டம், அலையலையாய் வளைந்தோடும் பசுமை வரிசைகள், படத்தின் ஓரத்தில் தலைத்துணி கட்டிக் கூடை சுமந்து நிற்கும் ஓர் உருவம் என்னும் மூன்றே உறுப்புகள் அவ்விலக்கணத்தை ஆக்குகின்றன. அவ்வுருவம் பெரும்பாலும் முகம் காட்டுவதில்லை. பச்சைப் பரப்பிடையே ஒரு வண்ணப் புள்ளியாகவும், மலையின் பரப்பை உணர்த்தும் அளவுகோலாகவும் மட்டுமே அது பயன்படுகின்றது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். தேயிலை, வெட்டாது விட்டால் மரமாக வளரும் இயல்புடையது. கவாத்து செய்தும் மீண்டும் மீண்டும் கொழுந்து பறித்துமே அதனை இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் சமன்செய்து வைக்கின்றனர். ஆகவே இயற்கை எழில் என்று நாம் வியக்கும் அப்பசும்பரப்பு, உண்மையில் கைகள் செதுக்கிய வடிவமாகும். உழைப்பின் விளைவை இயற்கையின் கொடையாக மாற்றிக் காட்டுவதே இப்படங்கள் செய்யும் முதற் பிழை எனலாம்.

இரண்டாவது பிழை காலத்தைப் பற்றியது. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதிக்கு வந்தார்; அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலைப் பயிர் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பாருடன் இணைந்து போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இச்சரிவுகளில் உழைத்தனர். இன்றோ தோட்ட வேலையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். கத்தரியும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் பறிப்பு இயந்திரமும் விரல்களின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆயினும் விற்பனைப் படமோ கூடை சுமந்த பெண்ணை விட்டுவிட மறுக்கின்றது. நம் பாட்டியர் வாழ்ந்த வாழ்க்கை, அவர்களின் பெயரன்மாரும் பெயர்த்திகளும் அங்கிருந்து வெளியேறிய பின்னும், ஓர் அலங்காரமாக எஞ்சியுள்ளது. இது வரலாற்றைப் போற்றுவதாகாது. வரலாற்றை உறைய வைப்பதாகும்.

முன்சென்ற மூவர்

வணிகத்திற்கும் கலைக்கும் இடையிலான இச்சிக்கல் புதியதன்று. தோட்டப் பயிர்களோடு தொடர்புடைய மூன்று சான்றுகள் ஈண்டு நோக்கத்தக்கவை.

முதலாவது, இங்கிலாந்துப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் (1815-1879). நமது மலைக்குப் பெயர் தந்தவரோடு இவர் பெயர் ஒத்திருப்பது தற்செயலே. இவர் தம் படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்து, இலண்டன் கோல்நாகி நிறுவனத்தின்வழி விற்பனை செய்தார். அவருடைய மென்மையான குவியத்தை அக்காலப் புகைப்பட இதழ்கள் தொழிற்குறையென்று கண்டித்தன. விற்பனையை விரும்பிய அவர், அக்கண்டனத்திற்காகத் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயின் 1875இல், கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்த பின் அவர் எடுத்த தொழிலாளர் படங்கள் வேறொரு வினாவை எழுப்புகின்றன. டென்னிசன், டார்வின் போன்றோரை எடுத்தபோது பெயரோடு எடுத்தவர், தோட்டத் தொழிலாளரைப் பெரும்பாலும் பெயரின்றியே எடுத்தார். பாணியில் நேர்மை காத்த கலைஞர், மனிதரை மதிப்பதில் ஒரே அளவுகோலைக் கையாளவில்லை.

இரண்டாவது, 1934இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் சிலோன்’ எனும் ஆவணப்படம். இலங்கைத் தேயிலைப் பரப்புரை வாரியத்தின் ஆதரவில் பேசில் ரைட் இயக்கிய இப்படத்திற்குப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் குரல் கொடுத்தார். விளம்பரப் பணத்தில் உருவான படைப்பே இது. எனினும் அதன் மூன்றாம் பகுதியில், உழைப்போரின் காட்சிகள்மீது சந்தை விலைகளும் கப்பல் செய்திகளும் ஒலிக்கின்றன. தன்னை உருவாக்கிய வணிகத்தின் குரலையே படம் கேட்கச் செய்துவிடுகின்றது. தோட்டத் தமிழர் வாழ்வு இப்படத்தின் மையம் அன்று, இக்குறையை மறுப்பதற்கில்லை. ஆயினும் பணம் தந்தவரை மறைக்காமலே நேர்மை காக்கலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மூன்றாவது, பிரேசிலின் செபஸ்தியாவோ சல்காடோ (1944-2025). பொருளியல் பயின்று, இலண்டனில் அனைத்துலகக் காப்பி அமைப்பில் பணியாற்றியவர், 1973இல் புகைப்படத் துறைக்கு வந்தார். 1993இல் வெளிவந்த அவருடைய ‘தொழிலாளர்கள்’ என்னும் தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. துன்பத்தை மிகையாக அழகுபடுத்துகிறார் என்று 1991இல் இங்கிரிட் சிஷி கடுமையாகத் திறனாய்ந்தார். வறுமையையும் நுகர்பொருளாக்கும் ஆற்றல் புகைப்படத்திற்கு உண்டு என்று வால்டர் பெஞ்சமின் 1934இலேயே எச்சரித்திருந்ததன் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம். பின்னாளில் சல்காடோ ஒரு காப்பி நிறுவனத்தின் துணையோடு காப்பித் தோட்டங்களை நீண்டகாலம் படமெடுத்தார். அவரைப் பழிப்போரும் போற்றுவோரும் ஒன்றை ஒப்புவர்: அவர் ஓரிடத்தில் நெடுநாள் தங்கினார், தொழிலைக் கற்றார், தொழிலைப் படத்தின் மையத்தில் வைத்தார்.

திணைக் கோட்பாடு காட்டும் வழி

மேலைத் திறனாய்வு பெரிதும் அழகு, அறம் என்னும் இருமையில் நின்றுவிடுகின்றது. தமிழ் மரபில் இதனினும் நுண்ணிய கருவி ஒன்று உண்டு. தொல்காப்பியம் முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளைப் பகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றோடு தொழிலும் கருப்பொருளில் அடங்கும். மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். மலையாகிய குறிஞ்சிக்குத் தினைப்புனம் காத்தலும் தேனெடுத்தலும் தொழில்களாகச் சுட்டப்படுவதை யாவரும் அறிவர். சங்கக் குறிஞ்சியில் தினைப்புனம் வெறும் பின்னணி அன்று. தலைவி அங்கே வேலை செய்கிறாள். அவ்வேலையே சந்திப்பிற்கு வழியாகின்றது.

விற்பனைப் படம் முதற்பொருளை முழுமையாகப் பெற்றுள்ளது. கருப்பொருளில் மரத்தை வைத்துக்கொண்டு தொழிலை நீக்கிவிடுகின்றது. கூடை உண்டு, பறித்தல் இல்லை. உரிப்பொருளோ அறவே இல்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். அகப்பாடலிலும் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லையே. படத்தில் உள்ளவர் பெயரிலியாய் இருப்பது மட்டும் எவ்வாறு குற்றமாகும்? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அகத்தில் பெயர் விலக்கப்படுவது எவர்க்கும்தான். தலைவனுக்கும் இல்லை, தலைவிக்கும் இல்லை. அதனால் அவ்வுணர்வு எல்லார்க்கும் உரியதாகின்றது. தேயிலைப் பெட்டியிலோ வணிகப்பெயர் பெரிதாக நிற்கின்றது. அஞ்சலட்டையில் எடுத்தவர் பெயரும் சிலவேளை அச்சாகின்றது. உழைத்தவர் ஒருவர்க்கே பெயரில்லை. எல்லாரும் பெயரிழப்பது மரபு; ஒருவர் மட்டும் பெயரிழப்பது ஏற்றத்தாழ்வு.

திறனாய்வின் பொறுப்பு

இத்துறையில் திறனாய்வு இருவகைப் பிழைகளைச் செய்து வருகின்றது. ஒன்று, ஒளி, அமைப்பு, வண்ணம் ஆகியவற்றை மட்டும் எண்ணி மதிப்பெண் வழங்குவது. மற்றொன்று, அழகாக உள்ளது, விற்கின்றது என்பதனாலேயே சுரண்டல் என முத்திரை குத்துவது. முன்னது கேள்வியே கேட்பதில்லை. பின்னது படத்தையே பார்ப்பதில்லை. புகைப்படக்காரரும் வாழ வேண்டியவர். மணமக்கள் படம் எடுத்து ஈட்டிய பொருளால்தான் அவர் தம் விருப்பப் படத்தொகுப்பை உருவாக்குகிறார் என்றால், அதனை இழிவாகக் கருதுவது வாழ்க்கையறியாத் தூய்மைவாதமாகும்.

எனவே, ‘இப்படம் விற்றதா?’ என்று கேட்பதை விடுத்து, ‘விற்பதற்காக எதனை நீக்கியது?’ என்று கேட்பதே தக்கது. படத்திலுள்ள தொழில் உண்மையில் அவ்வாறே செய்யப்படுகின்றதா? படத்தில் இருப்பவர் தாம் எடுக்கப்படுவதை அறிந்து இசைந்தாரா? இன்று கத்தரி பிடித்து நிற்கும் வங்காளதேச இளைஞருக்கு அப்படத்தில் இடமுண்டா? இவ்வினாக்களுக்கு நேரிய விடை தரும் படம், நாட்காட்டியில் அச்சானாலும் கலையே. தராத படம், கலைக்கூடத்தில் தொங்கினாலும் விளம்பரமே.

இறுதியாகச் சுட்டிய இளைஞரைப் பற்றிய வினா நம்மவர்க்கே உரியது. கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படத்தைக் கண்டு நெகிழும் நாம், அவ்விடத்திற்கு வந்துள்ள புதிய தொழிலாளரைக் காண மறுப்போமாயின், நாம் பழிக்கும் வணிகர் செய்வதையே நாமும் செய்கின்றோம்.

முடிவுரை

கலைநேர்மை வணிகத்தை விலக்குவதால் வருவதன்று. முதல், கரு, உரி மூன்றும் படத்தில் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதால் வருவது. தமிழ்ப்பள்ளிகளில் படத்தைக் கொண்டு வாக்கியம் அமைக்கும் பயிற்சி நெடுங்கால வழக்கமாகும். அடுத்த முறை ஆசிரியர் ஒருவர் தேயிலை மலைப் படத்தை வகுப்பில் காட்டும்போது, ‘மலை அழகாக உள்ளது’ என்ற வாக்கியத்தோடு நிறுத்திவிடாமல், ‘இம்மலையை இவ்வாறு சமன்செய்தவர் யார்?’ என்றும் கேட்பாராக. அவ்வினாவில் புகைப்படத் திறனாய்வின் முதற்பாடம் அடங்கியுள்ளது.