நிறமில்லாத நீர்

திண்டுக்கல் நிலத்தை இரண்டு பிரதிகள் எழுதுகின்றன. ஒன்று, வரியை வைத்து நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு எனப் பிரிக்கும் வருவாய்க் கணக்கு. மற்றது, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழிவந்த வண்ண வரைபடம்: குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. என் வாசிப்பில் இரண்டுமே மேற்பரப்பின் பிரதிகள். தோல்ஷாப்புத் தண்ணி எல்லைக்கோடு பாத்தா இறங்குது? ஊதாவில் விட்ட உப்பு பச்சையின் கிணற்றில் ஏறுகிறது.

1996இல் வேலூர்க் குடிமக்கள் வழக்கில் உச்சநீதிமன்றம் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்றது. ஈடு மனிதருக்கு வரலாம். கிணறு செத்த நிலமோ கணக்கில் புஞ்சைதான், படத்தில் பச்சைதான். நிலத்தடி நீரை வரையாத திட்டமிடல், கேட்டுக்குச் சட்டபூர்வமாக இடம் ஒதுக்கித் தருவது மட்டுமே.