குழாய்க்கு மானியம், தண்ணீருக்கு?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் பெரும்பாலும் கிணற்றையும் போரையும் நம்பித்தான் விளைகின்றன. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். நிரம்பாத ஆண்டில் மோட்டார் சற்று நேரம் ஓடிவிட்டுக் காற்றை இழுக்கும். அடியில் பாறை என்பதால் ஆழத்தில் தேங்கும் நீர் குறைவு. இப்படிப்பட்ட நிலத்துக்குச் சொட்டுநீர் மானியம் பொருத்தமானதுதான். ஆனால் அந்த மானியம் பெற விவசாயி கணக்குக் காட்டுவது பதித்த குழாய்க்கு. கிணற்றில் மிச்சம் வைத்த நீருக்கு அல்ல. என் குறை அங்கேதான் தொடங்குகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் பொது விதிப்படி சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடும் மற்றவர்களுக்கு 45 விழுக்காடும் மானியம். தமிழ்நாடு அதை 100, 75 என்று உயர்த்தித் தருகிறது. கடன் வாங்காமல் இரண்டு ஏக்கர்க்காரர் சொட்டுநீர் போட முடிகிறது என்றால் காரணம் இதுதான். ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்து மடை திருப்பும் வேலை குறைகிறது. வரிசைக்கு நடுவே ஈரமில்லாததால் களையும் குறைவு. உரத்தை நீரிலேயே கரைத்து விடலாம்.

வயலில் இறங்கிப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது. உப்பு நீர் ஓடும் கிணறு என்றால் சொட்டும் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும்; அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவாவிட்டால் ஒரு செடி நனையும், அடுத்தது வாடும். டியூபை எலி கடிக்கும். கரும்பு வெட்டியபின் சோகை கொளுத்துவதற்குள் சுருட்டி எடுக்காவிட்டால் டியூப் தீயில் உருகும். மல்லாட்டைக்கோ விதைக்கும்போது விரித்து, பிடுங்கும்முன் சுருட்ட ஆள் வேண்டும். ஏழு ஆண்டு கழித்துத்தான் மறுபடி மானியம் கேட்கலாம். இடையில் பழுது பார்ப்பது விவசாயி பாடு. சிட்டாவும் அடங்கலும் நிலக்காரர் பெயரில் இருக்க, வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுபவர் விண்ணப்பிக்கவே வழியில்லை.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. அடிப்படையான குறை வேறு. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். ஒரு ஏக்கருக்கு இறைத்த நீரில் சொட்டுநீர் போட்டபின் ஒன்றரை ஏக்கர் பாயுமென்றால், தரிசாகக் கிடந்த அரை ஏக்கரிலும் பயிர் வைப்பதே இயல்பு. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. வருமானம் கூடும், கிணற்று மட்டம் உயராது. இன்னொன்றும் உண்டு: வாய்க்காலில் பாய்ச்சிய நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்கே திரும்பும். அதையும் சேமிப்பு என்று எழுதினால் கணக்கு பொய்க்கும். அமெரிக்காவின் ரியோ கிராண்டே படுகையை ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த ஆய்வொன்று, சொட்டுநீர் மானியம் நீர்ச் செலவைக் கூட்டவும் கூடும் என்று காட்டியது.

பஞ்சாப் 2018-இல் வேறு வழியில் போனது. இலவச மின்சாரத்தை நிறுத்தாமல், விருப்பப்பட்ட விவசாயிக்கு மீட்டர் வைத்து, ஒதுக்கிய அளவில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கொடுத்தது. இறைக்காத நீருக்கு அங்கே விலை கிடைத்தது.

இங்கும் அப்படிச் செய்யலாம். ஆனால் மீட்டர் என்றாலே கட்டணம் வரப்போகிறது என்று விவசாயி அஞ்சுவார். 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியவர்கள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நினைவு உள்ள மாநிலத்தில் அச்சம் நியாயமானது. அதனால் மீட்டர் ஊக்கத்தொகைக்கு மட்டுமே, கட்டணத்துக்கு அல்ல என்று அரசாணையிலேயே எழுதித் தர வேண்டும். சொட்டுநீரோடு தரும் துணை உதவிகளில் புதுக் கிணறு அமைக்க, நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள குறுவட்டமா என்று அரசு ஏற்கெனவே பார்க்கிறது. அதே கணக்கை வைத்து, நீர் வற்றிய குறுவட்டம் ஒன்றில், விரும்பி வருபவர்களை வைத்து, குத்தகைக்காரரையும் சேர்த்து, இரண்டு மழைக்காலம் இந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை நடத்திப் பார்க்கலாம். அங்குள்ள ஏரியின் வரத்துக் கால்வாயையும் அத்திட்டத்தின் நிதியிலேயே தூர்வார வேண்டும். வரத்து இல்லாத ஊரில் மிச்சம் பிடிக்க நீரே இருக்காது.