வழிகாட்டியோடு ஃபோர்ட் கொச்சி

நல்ல வழிகாட்டி அமைந்துவிட்டால் ஃபோர்ட் கொச்சியில் பார்ப்பதற்கு ஒரு நாள் போதாது. விவரமானவர் காலையிலேயே சீன மீன்பிடி வலைகள் பக்கம் கூட்டிப்போவார். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, தொங்கும் கற்கள் ஒவ்வொன்றாக இறங்க, மறுமுனையில் வலை தண்ணீர் சொட்டச் சொட்ட எழும். அத்தனை பெரிய மரச்சட்டத்துக்கும் எடை சரிக்கட்டுவது அந்தக் கற்கள்தான் என்பது அவர் கைகாட்டிய பிறகே புரியும்.

அடுத்து புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்த இடம். எலும்புகள் 1539-இல் போர்ச்சுகலுக்குப் போய்விட்டன. எல்லோரும் குனிந்து கல்லறையைப் பார்க்கும்போது, வழிகாட்டி நம்மை அண்ணாந்து பார்க்கச் சொல்வார். வரிசையாகத் தொங்கும் துணி விசிறிகள். வெளியே ஒருவர் உட்கார்ந்து கயிறு இழுத்தால்தான் அன்று உள்ளே காற்று.

அடுத்துள்ள மட்டாஞ்சேரியில் போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர் பெயரில் வழங்கும் அரண்மனை; சுவர்களில் ராமாயண ஓவியங்கள். பக்கத்திலேயே 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயம். தரை முழுக்க நீலச் சித்திரம் தீட்டிய சீன ஓடுகள், அத்தனையும் கைவேலை. இங்கே அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு நம்மைப் பார்க்க விடுவார். அந்தப் பக்குவம்தான் அவர் தொழிலின் அழகு.

சனிக்கிழமை ஜெபாலயத்தில் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. நாள் பார்த்துக் கிளம்புங்கள்.