அலுமினியமே போதும், தாராளமாய்ப் போதும்!

"கார்பன் வாங்கலையா?" என்று கேட்கிறவர்களை எல்லாம் ஒரு விடிகாலையில் திருவான்மியூருக்கு வரவழைத்து, என் அலுமினிய ரோட் பைக்கைக் கையில் கொடுத்து, கோவளம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்ல ஆசை. சிக்னல் விழுந்ததும் எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தால் வண்டி முன்னால் பாயும் பாருங்கள், அதற்கு நான் அடிமை!

என்னுடையது டெகாத்லானின் டிரைபன் ஆர்சி 520. 6061 ரக அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ 105 கியர். நல்ல கம்பெனியின் கார்பன் ஃபிரேம் ஒன்றுக்கு மட்டும் ஆகிற செலவில் எனக்கு முழு வண்டியும் வீடு வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு ஃபிரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் வேறு!

இந்த உலோகத்தின் சூட்சுமம் தெரிந்தபின் என் பிரியம் இன்னும் கூடிவிட்டது. அலுமினியத்தின் எடை ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அப்படித்தான், மூன்றில் ஒரு பங்கு. அதே அளவுக் குழாயில் செய்தால் ஃபிரேம் துவண்டுபோகும். ஆனால் தகட்டின் கனத்தை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்கு, விறைப்போ எட்டு மடங்கு! அமெரிக்காவின் கானன்டேல் 1983இல் தன் முதல் சைக்கிளையே இப்படிப் பருத்த குழாய்களில்தான் செய்தது. பற்றவைக்கும் சூட்டில் அலுமினியம் பலமிழக்கும் என்பதால், 6061 ஃபிரேமை முழுசாக உலையில் 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்து வலுவேற்றுகிறார்கள். டி6 என்று போட்டிருப்பது அதைத்தான்.

ஏழைக்கேற்ற உலோகம் என்று இதை யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். 1998இல் மார்கோ பன்டானி ஜீரோ தி இத்தாலியா, டூர் தெ பிரான்ஸ் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றது பியாங்கியின் அலுமினிய ஃபிரேமில். அடுத்த ஆண்டு டூரில் மரியோ சிப்போலினி தொடர்ந்து நான்கு நாள் முதலாவதாக வந்தது கானன்டேல் அலுமினியத்தில். ஆல்ப்ஸ் மலைக்குத் தாங்கியது நம் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுக்குத் தாங்காதா?

"அலுமினியம் முதுகை உடைக்கும்" என்பது இன்னொரு பழைய பேச்சு. அது 23 மில்லிமீட்டர் டயரில் கல்லு மாதிரி காற்றடித்து ஓட்டிய காலத்துச் சங்கதி. ஃபிரேம் தேடும்போது நான் முதலில் பார்ப்பது எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதைத்தான். 28 கட்டாயம் நுழைய வேண்டும், 32 நுழைந்தால் கொண்டாட்டம். அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பெயிண்ட் அடிக்காத வேகத்தடையும் ஒட்டுப்போட்ட சாலையும் உடம்புக்குப் பாதிதான் தெரியும். முன்னால் கார்பன் ஃபோர்க், சீட்டுக்கு அடியில் 27.2 மில்லிமீட்டர் மெல்லிய போஸ்ட், இவை இருந்தால் இன்னும் சுகம். பாட்டம் பிராக்கெட் மரையுள்ளதாக இருந்தால் தெருமுனை மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடுவார். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். கிராம் கணக்கை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள், வித்தியாசம் முதல் கிலோமீட்டரிலேயே தெரியும்.

கடலோரத்தில் ஓட்டுகிற எனக்கு அலுமினியத்தைவிட உற்ற துணை இல்லை. உப்புக்காற்றில் ஸ்டீல் ஃபிரேம் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அலுமினியமோ தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. வியர்வை மட்டும் அதற்கு ஆகாது. ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடை, அவ்வளவுதான் பராமரிப்பு.

பழைய ஃபிரேம் வாங்குகிறவர்கள் பற்றவைத்த இடங்களை நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். வளைந்த அலுமினியத்தை ஸ்டீல் மாதிரி நிமிர்த்தவும் முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் அளவு. ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் கம்பெனி அட்டவணையில் இருக்கும். முதலாவது ஹேண்டில் எவ்வளவு உயரம், இரண்டாவது எவ்வளவு எட்டிப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள், ஏறி உட்காருங்கள், ஓட்டிப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத அளவைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். பொருந்தியது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்!