மறுபிறப்பு என்னும் சொல்: இரட்சணிய யாத்திரிகம் பற்றி ஒரு நோக்கு

பிறவாமை வேண்டுவது சைவ மரபு. மீண்டும் பிறத்தல் வேண்டும் என்பது கிறித்தவ மறை. பிறப்பு என்னும் ஒரு சொல்லே இருவேறு பொருள்பட நிற்றலால், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைப் பயிலும் மாணவர் மயங்குதல் இயல்பே.

வைணவக் குடியிற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அப்புலவர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவிக் கம்பன் நெறியிற் காப்பியம் செய்தார். பனியன் கதையில் யாத்திரிகனின் சுமை சிலுவையருகே அவிழ்ந்து கல்லறையுள் வீழ்கின்றது. இறுதியில் அவன் ஓர் ஆற்றைக் கடந்து விண்ணகர் புகுகின்றான். பிறவிக்கடல் என்னும் உருவகத்திற் பழகியோர் அவ்வாற்றைக் கடத்தலே வீடுபேறு எனக் கொள்வர். அது பொருந்தாது. ஆறு உடலின் சாவு மாத்திரமே. பழைய மனிதன் இறந்தமைக்கு அறிகுறி சிலுவையருகே வீழ்ந்த சுமையாம்.

யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் வரும் கிரேக்கச் சொல் 'மறுபடியும்' எனவும் 'மேலிருந்து' எனவும் பொருள்படும். நிக்கொதேமு முன்னதையே கொண்டு, தாய்வயிற்றை நினைந்து மயங்கினான். நித்திய ஜீவனோ இறைவனை அறிதலே என 17ஆம் அதிகாரம் உணர்த்தும். ஆகவே அது சாவின் பின்னன்று, இவ்வாழ்விலேயே தொடங்குவது.

சைவ சித்தாந்தத்தின் தற்போதம் அழிதலும் சீவன்முத்தியும் இதற்கு அணியன. எனினும், ஆங்குப் பல பிறவிகளிற் பக்குவமெய்திய உயிர்க்கே அருள் பதியும். ஈங்குப் பிறவி ஒன்றே, கிறிஸ்துவின் சாவிற் பங்குகொள்ளலே வழி. இவ்வேற்றுமையை மறைத்து ஒப்புமை பேசுதல் இரு சமயத்துக்கும் நீதியன்று.

கம்பன் நடை காப்பியத்துக்குச் செவிநலம் தந்தது. பழஞ்சொற்களின் பழம்பொருளையும் உடன் கொணர்ந்தது. முன்னதைச் சுவைத்துப் பின்னதைப் பிரித்தறிதலே கற்போர் கடன்.