பிராம்பிள்: பழம் கடைசியில்தான்

ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பிளாக்பெர்ரி லிக்கர் ஆகிய நான்கே பொருள்கள் சேர்ந்தது பிராம்பிள். 1980களில் லண்டன் சோஹோவில் ஃபிரெட்ஸ் கிளப்பில் வேலை பார்த்த டிக் பிராட்செல் இதை உருவாக்கினார். எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினியும் அவர் கைவண்ணம்தான். ஐல் ஆஃப் வைட் தீவில் வளர்ந்தவர் அவர். அங்கே முட்புதர்களில் பிளாக்பெர்ரி பறித்த சிறுவயது நினைவே இந்தப் பானத்துக்கு வித்து.

அடிப்படை மட்டும் புதிதல்ல. மது, புளிப்பு, இனிப்பு மூன்றையும் நொறுக்கிய ஐஸ் மேல் கலக்கும் முறை பழையது. அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட பானச் செய்முறை நூலிலேயே இவ்வகையைச் சேர்ந்த ஜின் ஃபிக்ஸ் இடம்பெற்றிருக்கிறது. பிராட்செல் செய்த மாற்றம், பழத்தைக் கலவையோடு சேர்க்காமல் கடைசியில் மேலே ஊற்றியது. பிராம்பிளின் அழகும் ருசியும் அந்த ஒரு செயலில்தான் இருக்கின்றன.

ஒரு கிளாஸுக்குப் பரவலாகக் கையாளப்படும் அளவு: ஜின் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு 25 மில்லி, சர்க்கரைப் பாகு 12.5 மில்லி, பிளாக்பெர்ரி லிக்கர் 15 மில்லி. இனிப்பில்லாத லண்டன் டிரை ஜின் இதற்குப் பொருந்தும். ஜூனிபர் காயின் பைன் மர வாசனை தூக்கலாக இருந்தால்தான் பழத்தின் இனிப்பு திகட்டாது. எலுமிச்சை என்றால் இங்கே தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் லெமன். நம் சந்தையில் கிடைக்கும் சிறிய எலுமிச்சையின் புளிப்பு கூர்மையானது, வாசனையும் வேறு. அதைப் பிழிகிறவர்கள் 20 மில்லியில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுவது நல்லது. எதுவானாலும் சாறு அப்போதே பிழிந்ததாக இருக்க வேண்டும். பாட்டில் சாற்றில் புளிப்பு இருக்கும், மணம் இருக்காது. பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. சர்க்கரை கரைந்ததும் இறக்கி ஆறவைத்தால் போதும், கம்பிப் பதம் தேவையில்லை.

லிக்கர், கிரெம் டி மூர் என்ற பெயரில் பிரான்ஸிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இவ்வகைக் கிரெம் லிக்கரில் லிட்டருக்குக் குறைந்தது 250 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். வீட்டிலும் செய்யலாம்: அரைக் கிலோ பிளாக்பெர்ரி, கால் கிலோ சர்க்கரை, அரை லிட்டர் வோட்கா மூன்றையும் ஜாடியில் போட்டு மூடி, வெயில் படாத இடத்தில் மூன்று நான்கு வாரம் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். துணியை முறுக்கிப் பிழிந்தால் சதை இறங்கிச் சாறு கலங்கிவிடும். தானாகச் சொட்டுவதே தெளிவு. இதற்கு உறையவைத்த பழமே மேல். உறையும்போது பழத்தின் செல்கள் கிழிவதால் சாறு எளிதில் வெளியேறும். அலங்காரத்துக்கு மட்டும் புதுப்பழம் வேண்டும்.

இங்கிலாந்தில் பிளாக்பெர்ரிக் காலம் ஆகஸ்டும் செப்டம்பரும். செப்டம்பர் 29ஆம் தேதி வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்குப் பிறகு சாத்தான் பழத்தின் மேல் எச்சில் துப்பிவிடுவான், பறிக்கக் கூடாது என்று கிராமத்தார் சொல்வதுண்டு. ஈரமும் குளிரும் ஏற ஏற, பழம் நீர்த்துப் பூசணம் பிடிக்கும் காலம் அது.

அடுத்தது ஐஸ். சுத்தமான தடித்த துணியில் ஐஸ் கட்டிகளைச் சுற்றி, பூரிக்கட்டையால் தட்டினால் நொறுங்கும். துணி உருகிய நீரை உறிஞ்சிக்கொள்வதால் ஐஸ் உலர்வாக இருக்கும். நொறுங்கிய ஐஸுக்குப் பரப்பு அதிகம் என்பதால் பானத்தை உடனே குளிரவைக்கும், வேகமாக உருகி மதுவின் காட்டத்தையும் தணிக்கும்.

குட்டையான அகல கிளாஸில் ஜின், சாறு, பாகு மூன்றையும் ஊற்றி, ஐஸ் நிரப்பிக் கலக்கிய பின், மேலும் ஐஸை விளிம்புக்கு மேல் குவிக்க வேண்டும். அந்தக் குவியல் மேல் லிக்கரை வட்டமாக, நிதானமாக ஊற்றுவார்கள். சர்க்கரையால் கனத்த லிக்கர் ஐஸ் இடுக்குகளில் கோடுகோடாக இறங்கும். பழத்தின் நிறமியான ஆந்தோசயனின் அமிலத்தில் சிவக்கும் தன்மையது. அதனால் கருமையாக ஊற்றிய லிக்கர் எலுமிச்சையைத் தொட்ட இடத்தில் செவ்வூதாவாக மாறும். இதன் பிறகு கரண்டி கிளாஸுக்குள் போகக் கூடாது. போனால் கோடுகள் கலைந்து, முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாகி, முதல் மிடறும் கடைசி மிடறும் ஒரே ருசியில் நின்றுவிடும்.

விளிம்பிலிருந்து பருகினால் முதலில் மூக்கைத் தொடுவது பழவாசனை. நாவில் படுவது எலுமிச்சையின் புளிப்பும் ஜூனிபரின் லேசான கசப்பும். அடியை நெருங்க நெருங்க பழம் கெட்டிப்படும், ஐஸ் உருகிக் காட்டம் குறையும். கூர்மையில் தொடங்கி இனிப்பில் முடிகிற இந்த நகர்வுக்காகவே பிராம்பிளை ரசிப்பவர்கள் உறிஞ்சுகுழலைத் தவிர்க்கிறார்கள். குழல் நேரே அடியைத் தொட்டு வரிசையைத் தலைகீழாக்கிவிடும். மேலே ஒரு லெமன் வில்லை, இரண்டு பழங்கள்; அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

பிளாக்பெர்ரி லிக்கர் கிடைக்காதபோது ராஸ்பெர்ரி லிக்கரோ, கருந்திராட்சை போன்ற பிளாக்கரண்டில் செய்யும் கிரெம் டி காசிஸோ பயன்படும். காசிஸில் சர்க்கரை லிட்டருக்குக் குறைந்தது 400 கிராம் என்பதால், பாகின் அளவைப் பாதியாகக் குறைத்தால் புளிப்பு மங்காமல் நிற்கும்.