பத்தாம் நம்பர் பிட்டுக்கு மாற்று எது?

தேக்கு ஊஞ்சல் பலகையில் சங்கிலிக் கம்பி போக நான்கு மூலையிலும் துளை போட வேண்டும். பலகை ஒன்றரை அங்குலக் கனம், துளை 5/8 அங்குலம். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் வீடுகளுக்கு ஊஞ்சல் செய்து தந்த பழைய ஆசாரிகள், இதற்குக் கைத்துரப்பணத்தில் பத்தாம் நம்பர் பிட்டை மாட்டிச் சுற்றுவார்கள். துரப்பணம் லேசில் கெடாது. இரண்டு தலைமுறை தாண்டியும் உழைக்கிறது. தேய்வதும் ஒடிவதும் பிட்தான். ஒடிந்ததற்குப் பதில் வாங்கப் போனால், நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்த வகையே இல்லை. அதனால் மஸ்ஜித் ஸ்டேஷனை அடுத்த நாக்தேவி தெருவில் மாற்றாகக் கொடுக்கும் பிட்களையும், சோர் பஜாரில் குவியலில் கிடக்கும் பழைய பிட்களையும் வாங்கிவந்து ஒரே தேக்குக் கட்டையில் போட்டுப் பார்த்தேன்.

பழைய பிட்டின் அருமை அதன் தலையில் இருக்கிறது. நடுவிலுள்ள முனைத் திருகு மரத்தைப் பற்றிப் பிட்டை உள்ளே இழுக்கும். நாம் அழுத்தத் தேவையில்லை. விளிம்பிலுள்ள இரண்டு கத்திகள் முதலில் வட்டம் கீறி நாரை அறுக்கும். அதன் பிறகே இரண்டு வெட்டுவாய்கள் உள்ளிருக்கும் மரத்தைச் சீவி எடுக்கும். நார் முன்கூட்டியே அறுபட்டுவிடுவதால் துளையின் வாய் பிசிறில்லாமல் வருகிறது. இதில் புகழ்பெற்ற வகை இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855இல் காப்புரிமை பெற்ற இரட்டை முறுக்குப் பிட். மற்றது நடுத்தண்டு கெட்டியாக உள்ள பிட். ஒஹாயோவில் மருந்துக்கடை வைத்திருந்த சார்லஸ் இர்வின் 1885இல் ஒரு கொல்லரிடம் அதன் உரிமையை வாங்கித் தொழில் தொடங்கினார். இரண்டுக்கும் வால் ஒரே மாதிரி: நுனி நோக்கிக் குறுகும் சதுரம். கைத்துரப்பணத்தின் இரண்டு தாடைகள் அதை மூலைகளில் கவ்விக்கொள்ளும். மின்சார டிரில்லின் மூன்று தாடைச் சக் உருளையையும் அறுகோணத்தையும் பிடிக்கும், சரிந்த சதுரத்தைப் பிடிக்காது. பட்டறைகள் மின்சாரத்துக்கு மாறியதும் சதுர வால் கடையை விட்டுப் போனது இதனால்தான்.

அளவும் மாறிவிட்டது. பழைய பிட்டின் வாலில் பொறித்திருக்கும் எண், அங்குலத்தைப் பதினாறாக்கி அதில் எத்தனை பங்கு என்று சொல்வது. 8 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கடையில் கையில் தருவது 12 அல்லது 13. பன்னிரண்டில் அரை அங்குல போல்ட் நுழையாது; பதின்மூன்றில் மரமுளை ஆடும். பதினாறாம் நம்பர் 25.4 மி.மீ., இன்றைய 25 மி.மீ. பிட் அதைவிடச் சற்று இறுக்கம். பத்தாம் நம்பர்க்காரர்களுக்கு மட்டும் கவலையில்லை: 15.9க்கு 16 மி.மீ. பிட் சரியாகப் பொருந்துகிறது.

முதலில் தட்டைப் பிட். எங்கும் கிடைக்கும், விலையும் சொற்பம். ஆனால் தேக்கில் அது வெட்டவில்லை, சுரண்டுகிறது. வேகமும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் விளிம்பு சீக்கிரம் மழுங்குகிறது. பின்பக்கம் வெளிவரும்போது செதில் பெயர்கிறது; அடியில் வேறு கட்டையைக் கொடுத்து கிளாம்ப் போட்டால் குறையும். ஒயர் போகும் மறைவான துளைக்கு இது போதும். ஊஞ்சல் பலகையில் இதை வைக்க எனக்கு மனம் வராது.

இரும்புக்கான எச்.எஸ்.எஸ். டிரில்லைச் சில கடைக்காரர்கள் எடுத்து நீட்டுவார்கள். முனைத் திருகு இல்லாததால் தேக்கின் ரேகை போகும் பக்கம் அது நழுவுகிறது. கால் அங்குலம் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அறுகோண வால் வைத்த மர ஆகர் பிட்தான் உண்மையான போட்டி. அதே திருகு முனை, அதே முறுக்கு. குறை என்னவென்றால், நான் வாங்கியதில் விளிம்புக் கத்தி ஒன்றுதான், முனைத் திருகின் புரியும் அகலம். அகலப் புரி மென்மரத்துக்கு ஏற்றது. தேக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் கனமாக வெட்டப் பார்த்து டிரில்லைத் திணறடிக்கிறது. முதல் கியரில், நிமிடத்துக்கு 400 சுற்றுக்குள் ஓட்டினால் அடங்கி வேலை செய்கிறது. பக்கப்பிடி இல்லாத டிரில்லில் இதை மாட்ட வேண்டாம். பிட் இறுகினால் டிரில் சுழன்று மணிக்கட்டைத் திருப்பிவிடும். திருகு நுனி பின்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து முடித்தபோது துளை இரு பக்கமும் சுத்தமாக வந்தது.

இதையே கைத்துரப்பணத்தில் மாட்டினால் அறுகோணம் தாடையில் சரியாக உட்காராமல் ஆடுகிறது. இதற்குத் தாராவியில் வழி இருக்கிறது. அங்குள்ள சின்ன லேத் பட்டறை ஒன்றில் வாலைச் சரிந்த சதுரமாகத் தேய்த்துத் தந்தார்கள். 11 மி.மீ. அறுகோணத்திலிருந்து 8 மி.மீ. சதுரம் வரை கிடைக்கிறது. துரப்பணம் பிடிக்க அது தாராளம். நிறுத்தி நிறுத்தித் தண்ணீரில் நனைத்தே தேய்த்தார் பட்டறைக்காரர். “தலைப்பக்கம் சூடு ஏறக் கூடாதுண்ணே, கலர் மாறிட்டுன்னா பதம் போயிரும்” என்றார். தொழில் தெரிந்தவர் சொல். இந்த மாதிரிப் பட்டறைகள் பக்கத்தில் இருப்பது மும்பைத் தச்சர்களுக்குப் பெரிய பலம்.

கடைசியாகப் பழைய பிட். சோர் பஜாரின் மட்டன் தெருப் பக்கம் துருவேறிய கட்டுகளாகக் கிடைக்கும். பர்மா என்றும் கிர்மிட் என்றும் இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பார்க்க வேண்டியது துருவை அல்ல. துரு மேலோட்டமாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தால் போகும். முனைத் திருகின் புரி முழுசாக இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். புரி மழுங்கிய பிட் மரத்தைப் பற்றாது. அதைச் சரிசெய்யவும் முடியாது. விளிம்புக் கத்தியில் உயரம் மிச்சம் இருக்க வேண்டும். கண்ணாடிமேல் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும்.

இந்தப் பிட்கள் கார்பன் ஸ்டீல், சின்ன அரத்துக்கே இணங்கும். விளிம்புக் கத்தியை உட்புறம் மட்டும் அராவ வேண்டும். வெளிப்புறம் அரம் பட்டால் வட்டம் சிறுத்து, உடல் துளைக்குள் சிக்கும். வெட்டுவாயை வால் பக்கம் பார்த்த முகத்தில் மட்டும் தீட்ட வேண்டும். அடிமுகம் தேய்ந்தால் பிட் மரத்தில் இறங்காமல் வழுக்கும். ஒரு பிட்டுக்குச் சில இழுப்புகள் போதும். இப்படித் தீட்டிய பழைய ஜென்னிங்ஸ் வகைப் பிட், கையால் சுற்றியே, தேக்கில் மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமான துளையைத் தந்தது. சுவர் வழவழப்பாக இருந்தது, சீவல் சுருள் சுருளாக மேலே வந்தது.

கைத்துரப்பணம் வைத்திருப்பவர் பழைய பிட்டையே தேடட்டும். ஒரே தடவையில் 6, 8, 10, 12 நம்பர்களைச் சேர்த்துவிட வேண்டும், நல்லதாக அகப்படுவது குறைந்துகொண்டே வருகிறது. அவசர வேலைக்கு 16 மி.மீ. ஆகரும் தாராவிப் பட்டறையும் இருக்கின்றன. மின் டிரில் மட்டும் உள்ளவர் அதே ஆகரை, புரி நெருக்கமாகவும் விளிம்புக் கத்தி இரண்டாகவும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். அட்டையில் இந்த விவரம் அச்சிட்டிருக்காது. பிரித்துக் காட்டச் சொல்லித்தான் பார்க்க வேண்டும்.